47 என்பது மார்க்ஸ் அல்ல

கம்பளையில் பலசரக்குக் கடை நடத்தும் ஒரு தகப்பன், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கே பள்ளி வாசலில் வந்து நின்றார். நான் வேனை விட்டு இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். எட்டாக மடித்த தாள். மடிப்புகளில் எழுத்து அழியத் தொடங்கியிருந்தது.

"மிஸ், போன தவணைச் சோதனைல கணக்குக்கு 82 எடுத்த புள்ள. இப்ப 47. இப்புடியே போனா ஓ.எல். சோதனைல வெறும் எஸ் பாஸ் தானே வரும்? என்னா நடந்துச்சு இவளுக்கு?"

மகளின் பரதநாட்டிய வகுப்பை முதல் நாள் மாலையே நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்துக்கு ஒரு கணக்கு டியூஷனும் பேசியாகிவிட்டது. பிள்ளை இரவு சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது.

அந்தத் தாள், எங்கள் பள்ளியில் வைக்கும் ஓர் அமெரிக்கக் கணினிப் பரீட்சையின் அறிக்கை. அதில் 47 என்று அச்சாகியிருந்தது உண்மைதான். ஆனால் அது நூற்றுக்கு 47 அல்ல. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், சுமார் 47 பேர் இவளுக்குப் பின்னால் நிற்பார்கள் என்பதுதான் அதன் பொருள். இதைத்தான் 'பர்சன்டைல்' என்கிறார்கள். ஏறக்குறைய நட்ட நடுவில் நிற்கிற பிள்ளை. அதுவும் அந்த நூறு பேர் அமெரிக்கப் பிள்ளைகள். தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் கேட்ட கணக்கைச் செய்து, அவர்களுக்கு நடுவில் போய் நின்றிருக்கிறாள். மெச்சிக்கொள்ள வேண்டிய பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று எனக்கு வயிறு எரிந்தது. பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அறிக்கையை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு வரி விளக்கமும் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியவர்கள் நாங்கள்தான்.

நான் கண்டிக்கு அருகே ஒரு தனியார் ஆங்கில மொழிமூலப் பள்ளியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கம்பளை, கட்டுகஸ்தோட்டை, மாத்தளைப் பக்கமிருந்து பிள்ளைகள் வேனில் வருவார்கள். அட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சித்தி, மாமா வீடுகளில் தங்கிப் படிக்கிறார்கள். சில வருடங்களாக எங்கள் பள்ளியில் 'மேப் குரோத்' என்ற கணினிப் பரீட்சை நடக்கிறது. அமெரிக்காவில் 1977இல் தொடங்கிய என்.டபிள்யூ.இ.ஏ. என்ற அமைப்பு உருவாக்கியது. வருடத்தில் மூன்று தடவை, கணக்குக்கும் ஆங்கில வாசிப்புக்கும் வைக்கிறோம். பாடத்துக்கு நாற்பது சொச்சம் கேள்விகள். இவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு கிடையாது.

நம் மக்களுக்கு ஆரம்பப் பள்ளிப் பரீட்சை என்றாலே மனதில் வருவது தரம் ஐந்து புலமைப்பரிசில்தான். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி, மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தால் வீட்டில் கேக் வெட்டுவார்கள், தேயிலைத் தோட்டத்தில் பேனர் கட்டுவார்கள். ஒரு புள்ளி குறைந்தால் வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிடும். தோட்டத்துப் பிள்ளை நகரத்தில் நல்ல பாடசாலைக்குப் போக அது ஒரு வழி என்பதால் அந்தப் பதற்றத்தில் நியாயமும் இருக்கிறது. அது பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதற்கான பரீட்சை. எங்கள் கணினிப் பரீட்சை யாரையும் பொறுக்குவதற்காக வந்ததல்ல. இந்தப் பிள்ளைக்கு நாளை எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசிரியருக்குக் காட்டுவதற்காக வந்தது. புலமைப்பரிசிலைப் பார்த்துப் பழகிய கண்ணால் இந்த அறிக்கையைப் பார்த்தால் 47 பயமாகத்தான் தெரியும்.

அன்றைக்கு அவரை வகுப்பறையில் உட்காரவைத்து விளக்க முயன்றேன். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தபடி, "தகவமைப்புப் பரீட்சை", "கேள்வி வங்கி" என்று ஆரம்பித்தேன். அவர் தலையாட்டினார். விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் அந்த வார்த்தைகளை விட்டுவிட்டுச் சும்மா சொன்னேன்: "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்வி வராது. உங்க மகள் ஒரு கேள்வியச் சரியாச் செஞ்சா அடுத்தது கொஞ்சம் கஷ்டமா வரும். பிழையாச் செஞ்சா கொஞ்சம் லேசா வரும். அப்பிடியே ஏறி எறங்கி, அவ எந்த இடத்துல நிக்கிறான்னு கொம்பியூட்டர் கண்டுபிடிக்கும்."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நிறுக்கிற மாதிரியா மிஸ்?" என்றார்.

நான் புரியாமல் பார்த்தேன்.

"இப்ப ஒரு பூசணிக்காய நிறுக்கிறோம். பாத்த உடனே ரெண்டு கிலோ இருக்கும்னு ஒரு கல்லப் போடுவோம். கல்லு எறங்கிச்சுன்னா அத எடுத்துட்டு ஒரு கிலோ போடுவோம். காய் எறங்கினா மேல ஒரு அரைக்கிலோ, அப்புறம் இருநூறு, நூறுன்னு வெச்சு எடுத்து வெச்சு எடுத்து, முள்ளு நடுவுல வந்து நிக்கிற வரைக்கும். அதுதானே?"

அதேதான். என் பயிற்சிக் குறிப்பேட்டில் இருந்த எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாக இல்லை. முள் நடுவில் நிற்கிற இடம் என்று அவர் சொன்னது, பிள்ளை பாதிக் கேள்விகளைச் சரியாகவும் பாதியைப் பிழையாகவும் செய்கிற இடம். இந்தப் பரீட்சையில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் ஏறக்குறைய பாதி பிழையாகத்தான் வரும். ஏனென்றால் அவள் ஏற ஏற அதற்கேற்ற பெரிய கல்லைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். "நெறையக் கஷ்டமா இருந்துச்சுப்பா" என்று அவள் வீட்டில் வந்து சொன்னாளாம். அது அவள் நன்றாகச் செய்ததற்கான அடையாளம் என்று நான் சொன்னபோது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாட்டிய வகுப்பு அடுத்த வாரமே திரும்பத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அறிக்கை கொடுக்கும் நாளில் தமிழில் பேசும் கூட்டம் ஒன்றை வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினேன். முதல் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். இப்போது நாற்காலி போதாமல் பக்கத்து வகுப்பிலிருந்து தூக்கி வருகிறோம். அங்கே எதைச் சொன்னால் வீடுகளில் மாற்றம் வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது பர்சன்டைலை அல்ல, அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'ரிட்' புள்ளியை. அது 190, 205 என்று மூன்று இலக்கத்தில் இருக்கும். 200க்கு 190 என்று கணக்குப் போடக்கூடாது. பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தித் தலைக்கு மேலே பென்சிலால் கோடு போடுவோமே, அந்தக் கோடு மாதிரி. மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் அதே அளவுகோல்தான். 2020இல் வெளியிட்ட அமெரிக்கச் சராசரியில், மூன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் கணக்குப் புள்ளி 188 அளவிலும், வருட முடிவில் 201 அளவிலும் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் 209இலிருந்து 219 அளவுக்குப் போகிறது. மேலே போகப் போக வளர்ச்சி சுருங்கும். "சின்னவனுக்கு 13 கூடியிருக்கு, பெரியவனுக்கு 9தான் கூடியிருக்கு, அவன் சோம்பேறி" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். உயரமும் அப்படித்தானே, இரண்டு வயதில் வளர்கிற வேகம் பத்து வயதில் இருப்பதில்லை.

அந்தக் கோடு கொஞ்சம் தடித்த கோடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். புள்ளி 190 என்றால், இரண்டு பக்கமும் சுமார் மூன்று புள்ளி விட்டு, 187க்கும் 193க்கும் நடுவில் எங்கோ பிள்ளை நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சளி பிடித்த நாள், வீட்டில் சண்டை நடந்த நாள், வேனில் வாந்தி எடுத்த நாள் எல்லாம் புள்ளியில் தெரியும். நாவலப்பிட்டியிலிருந்து வளைவு வளைவாக வருகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். போன தடவை 192, இந்தத் தடவை 190 என்றால் இறங்கிவிட்டான் என்று சொல்ல முடியாது. மூன்று, நான்கு தடவைப் புள்ளிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். அதனால் அறிக்கைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பைலில் சேர்த்து வைக்கச் சொல்கிறேன்.

பர்சன்டைலைப் பார்க்கும்போது கணக்கையும் வாசிப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வாசிப்பில் நம் பிள்ளைகள் ஒப்பிடப்படுவது, பிறந்ததிலிருந்து ஆங்கிலம் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைகள் பலரோடு. வீட்டில் தமிழ், வீதியில் சிங்களம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் நடமாடுகிற பிள்ளைக்கு வாசிப்பில் 30 வந்தால் அது மூளைக் குறைவு அல்ல. "இனிமே வீட்ல தமிழ் பேச வேணாம்னு முடிவெடுத்துட்டோம் மிஸ்" என்று ஒரு தாய் சொன்னபோது எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் நாற்பது ஐம்பது சொற்கள். அந்த ஐம்பது சொல்லுக்குள் பிள்ளையோடு எதைப் பேச முடியும்? தமிழில் நிறையப் பேசுங்கள், கதை கேளுங்கள், கதை சொல்லுங்கள், பார்த்ததை விளக்கச் சொல்லுங்கள் என்றேன். தமிழில் கதையின் காரண காரியத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்திலும் அதைத் தேடும். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி.

கணினி என்ற பொருளைப் பற்றியும் கொஞ்சம். அட்டன் பக்கமிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கிப் படித்த ஒரு பையன், வகுப்பில் வாயால் கேட்டால் பட்டுப் பட்டென்று பதில் சொல்லுவான். முதல் பரீட்சையில் அவன் புள்ளி தரைமட்டம். அடுத்த தடவை அவனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எண்களை இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டிகளுக்குள் போடும் கேள்வி ஒன்று வந்தது. அவன் விரலால் திரையைத் தொட்டு இழுத்தான். அசையவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தான். திரையில் விரல் ரேகைதான் விழுந்தது. பிறகு மவுசைப் பிடித்தான், முழு உள்ளங்கையாலும், சோப்பைப் பிடிப்பது மாதிரி. எண் பாதி வழியில் நழுவி விழுந்தது. இரண்டு தடவை முயன்றுவிட்டு, ஏதோ ஒரு பெட்டியில் விழுந்ததை அப்படியே விட்டு அடுத்த கேள்விக்குப் போனான். இந்தப் பரீட்சையில் முந்தின கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. எட்டையும் பதினாறையும் எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். உதடு அசைந்ததை நான் பார்த்தேன். அவன் கை பழகியதெல்லாம் அம்மாவின் போன் திரையில்தான்.

அன்றிலிருந்து பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பே மவுஸ் பழக்கம் ஆரம்பிக்கிறோம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சாதாரண வயர் மவுஸ் ஒன்றும், அதை போனில் செருகும் ஓ.டி.ஜி. இணைப்பு ஒன்றும் இருந்தால், பெரும்பாலான அண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி வந்துவிடும். அதில் படம் வரையட்டும், விளையாடட்டும். இழுத்துப் போடுவதும் சரியான இடத்தில் சொடுக்குவதும் கைக்கு வந்தால் போதும். என்.டபிள்யூ.இ.ஏ. இணையத்தில் மாதிரிப் பரீட்சையும் இலவசமாகவே வைத்திருக்கிறது. திரை எப்படி இருக்கும் என்று ஒரு தடவை காட்டிவிட அது நல்லது. அந்தப் பையனுக்கு அடுத்த தடவை 11 புள்ளி கூடியது. கணக்கில் எவ்வளவு, மவுசில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

நகரத்தில் ஒரு டியூஷன் வகுப்பு இந்தப் பரீட்சைக்கென்றே பயிற்சி தருவதாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தது. நிறையப் பேர் என்னிடம் வந்து கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். கேள்விகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வருவதே இவளுக்கு வராது. முன்கூட்டி எதைப் பாடமாக்குவது? அதைவிட மோசம், வெளி ஆள் சொல்லிக்கொடுத்த தந்திரத்தால் புள்ளி உயர்ந்தால், பிள்ளைக்குத் தெரியாத இடத்திலிருந்து நான் பாடம் தொடங்குவேன். அவள் அந்தத் தவணை முழுதும் தவிப்பாள். காய்க்குள் கல்லை ஒளித்து வைத்து நிறுத்தால் யாருக்கு நட்டம் என்று கம்பளைக்காரர் ஒரு கூட்டத்தில் கேட்டார். சிரித்துக்கொண்டே எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பரீட்சைக்கு முதல் நாள் வீட்டில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். நேரத்துக்குத் தூங்கவைப்பது, காலையில் வயிற்றுக்கு ஏதாவது கொடுப்பது, "கஷ்டமான கேள்வி வரும், வந்தா நீ நல்லா செய்யுறேன்னு அர்த்தம், பயப்படாதே" என்று ஒரு வார்த்தை சொல்வது. முதலில் முடிக்கிறவனுக்குப் பரிசு எதுவும் இல்லை என்றும் சொல்லுங்கள். இடைவேளைக்கு ஓடும் அவசரத்தில் வாசிக்காமலே தட்டித் தள்ளும் பிள்ளைகள் உண்டு. அப்படிச் செய்தால் கணினியே கண்டுபிடித்துப் பரீட்சையை நிறுத்திவைத்து ஆசிரியருக்குச் சொல்லும். மின்சாரம் போய்விட்டாலும் பயமில்லை, நின்ற இடத்திலிருந்து பிறகு தொடரலாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் அப்படித்தான் துண்டு துண்டாக நடத்தினோம். அந்தத் தடவைப் புள்ளிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெற்றோரிடமும் அப்படியே சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் "எத்தன சரி?" என்று கேட்காதீர்கள். அது பிள்ளைக்கே தெரியாது. "எந்தக் கேள்வி புதுசா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் புள்ளியை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று தைரியமாகக் கேட்கலாம். ஒரே ஒரு தடவைப் புள்ளியை வைத்துப் பிள்ளையைக் கீழ்ப் பிரிவில் போடுவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கொப்பியையும் வகுப்பில் செய்த வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்குள் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். அப்படி ஒரு முடிவை எதிர்த்து நானே பேசியிருக்கிறேன்.

இது நம் மலையில் மட்டும் உள்ள குழப்பமும் அல்ல. மெல்பேர்னில் இருக்கும் என் தங்கையின் மகன் மூன்றாம் வகுப்பில் நாப்லான் என்ற ஆஸ்திரேலியத் தேசியப் பரீட்சை எழுதினான். அதுவும் கணினியில்தான், எழுத்துப் பாடத்தை மட்டும் அந்த வகுப்புக்குத் தாளில் வைக்கிறார்கள். அங்கே 2023இலிருந்து பெறுபேற்றை நான்கு நிலைகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள். இவனுக்கு மேலிருந்து மூன்றாவது நிலை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் அத்தைமார் எல்லாம் துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெறுபேற்றைக் குழுவில் போடவே வேண்டாம் என்று அன்றைக்குத் தங்கையிடம் சொன்னேன். இங்கேயும் அதைத்தான் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். பிள்ளை அம்மாயியோடு இருக்கிறாள். அம்மாயி கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். அவர்களுக்காக அறிக்கையை மூன்று நிமிடக் குரல் பதிவாகச் சொல்லி அனுப்பினேன்: கோடு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து வகுப்பில் என்ன செய்யப்போகிறோம், அவ்வளவுதான். முதல் தடவை தாய் இரவு பதினொரு மணிக்கு, வேலை முடிந்த பிறகு, பதில் அனுப்பினார். "மிஸ், எத்தனையாவது புள்ள?" என்று மட்டும் கேட்டார். மாதத்தில் பாதிச் சம்பளத்தைப் பள்ளிக் கட்டணமாக அனுப்புகிறவர் கேட்க உரிமையுள்ள கேள்விதான். நான் பொறுமையாகத் திரும்பவும் விளக்கினேன்.

இந்தத் தவணை அறிக்கை போன மாதம் போனது. வாசிப்பில் 181இலிருந்து 186. பதிவை அனுப்பி இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் இரவு போன் அடித்தது. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

"மிஸ், கோடு கொஞ்சம் ஏறியிருக்குன்னு அம்மா சொன்னாங்க. இப்ப அவளுக்கு என்ன மாதிரிப் புத்தகம் குடுக்கிறது? ஊருக்கு வாற ஒரு அக்காகிட்ட குடுத்து விடப் போறேன், ரெண்டு புத்தகத்துக்குப் பேரு சொல்லுங்க."

ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரிக்கு மேல் இல்லாத, படம் போட்ட விலங்குக் கதைகளாகப் பார்க்கச் சொன்னேன். அதில் யானை இருக்க வேண்டும் என்று பிள்ளை சொன்னாளாம்.